'ஒன்லி டூ ஹப்பி' எண்டு எழுதினவ ஓம் எண்டுதான் சொல்லியிருக்கா

கேள்வி:
சேர், நான் களுவாஞ்சிகுடி. மட்டக்களப்பு டவுன்ல ஒரு ப்ரொஜெக்ட்ல வேலை செஞ்சன், அது முடிஞ்சிட்டு. இப்ப வெளிநாட்டு ஸ்கொலர்ஷிப் ஒண்டுக்கு அப்ளிகேஷன் போடுறன். முந்தி எனக்கு மேல இருந்த மேடம் இங்கிலாந்து ஆள், இப்ப அங்கயே போயிட்டா. என்னைப் பத்தி ஸ்கொலர்ஷிப்காரருக்கு எழுதிக் குடுக்கிற ரெஃபரியா உங்கட பேரைப் போடட்டா எண்டு மெயில்ல கேட்டன். அதுக்கு அவ 'ஐ வுட் பீ ஒன்லி டூ ஹப்பி டு பீ யோர் ரெஃபரி' எண்டு எழுதி, கீழ 'ஐ நோ ஒன்லி டூ வெல் ஹவ் ஹார்ட் தீஸ் அப்ளிகேஷன்ஸ் ஆர்' எண்டும் போட்டிருக்கா. மறுகா க்ளோசிங் டேட் எப்ப, சீவியை அனுப்ப ஏலுமா எண்டும் கேட்டிருக்கா. ஒன்லி எண்டா மட்டும், டூ எண்டா அளவுக்கு மிஞ்சினது, ரெண்டும் சேர்ந்தா என்ன எண்டு விளங்கல்ல. ஃபோன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாத்தும் ஒண்டும் பிடிபடல்ல. மச்சான்ட காட்டினன், அவர் இது நக்கலா எழுதினது, விருப்பமில்லாததைத்தான் இப்பிடி நாசூக்கா சொல்றாங்க எண்டு சொல்லிட்டார். அதால கிழமைக் கணக்கா பதில் போடாம இருக்கன். அவ ஓம் எண்டாவா, இல்ல எண்டாவா? இந்த மாதிரி நானும் எழுதலாமா? என்ட அப்ளிகேஷன் லெட்டர்ல 'ஐ ஆம் டூ இன்ட்ரஸ்டட் இன் திஸ் கோர்ஸ்' எண்டு போட்டிருக்கன், அது சரியா?

பதில்:
தங்கச்சி, விளக்கம் எல்லாம் மறுகா, முதல்ல பதிலைச் சொல்லிடுறன். அவ ஓம் எண்டுதான் சொல்லியிருக்கா. அதுவும் சும்மா ஓம் இல்ல, 'உங்களுக்கு ரெஃபரியா இருக்க எனக்கு எவ்வளவு சந்தோசம், இதெல்லாம் கேக்கவும் வேணுமா' எண்ட மாதிரி ஒரு ஓம். க்ளோசிங் டேட்டும் கேட்டு, சீவியும் கேட்டு, உங்கட பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறா, அவவுக்கு நீங்க பேசாம இருக்கிறதுதான் இப்ப விளங்காம இருக்கும். அதால இத வாசிச்ச கையோட மெயில் போடுங்க, என்னெண்டு எழுதுறது எண்டு கடைசியில தாறன்.

நீங்க தடுமாறினதுக்குக் காரணம் இங்கிலிஷ் குறைவெண்டு நினைக்காதீங்க, பள்ளிக்கூடத்துல படிச்சதை அப்பிடியே மனசுல வச்சிருக்கிறதாலதான் தடுமாறியிருக்கிறீங்க. ஓ/எல் படிக்கக்குள்ள எல்லாருக்கும் ஒரு கணக்கு மாதிரி சொல்லித் தாறது ஒண்டு இருக்கு. 'ஹீ இஸ் டூ வீக் டு வோக்' எண்டு தந்தா அதை 'ஹீ இஸ் சோ வீக் தட் ஹீ கேனொட் வோக்' எண்டு மாத்தி எழுதோணும். நடக்க ஏலாத அளவுக்கு பலவீனம். ரெண்டு ஓ போட்ட 'டூ' வந்து, பின்னால ஒரு ஓ போட்ட 'டு' வந்தா அந்த வேலை நடக்காது எண்டு அர்த்தம், இப்பிடித்தான் எங்கட பிள்ளைகள் பாடமாக்கி வச்சிருக்கு. இப்ப அதே கணக்கை உங்கட மேடம்ட வசனத்துல போட்டுப் பாருங்க, 'டூ ஹப்பி டு பீ யோர் ரெஃபரி', அதாவது சந்தோசம் கூடிப்போய் ரெஃபரியா இருக்க ஏலாது எண்டு வரும். மச்சான் சொன்னதுக்கும் இதுக்கும் பொருந்துற மாதிரித்தான் தெரியும். ஆனா பிழை.

ஏன் பிழை எண்டா, அந்தக் கணக்கு எல்லாச் சொல்லுக்கும் போட ஏலாது. வீக், ஹொட், ஸ்மோல், லேட், இதுகள் தன்ட பாட்டுல நிக்கிற சொல். பலவீனம் எண்டா பலவீனம்தான், நடக்கிறதுக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இல்ல, 'டூ' வந்துதான் அந்தத் தொடர்பை உண்டாக்குது. ஆனா ஹப்பி, க்ளேட், ப்ளீஸ்ட், ரெடி, வில்லிங், ஈகர் எண்டு ஒரு கூட்டம் இருக்கு, இதுகளுக்குப் பின்னால 'டு' வாறது இயல்பு. 'ஹப்பி டு ஹெல்ப்', 'ரெடி டு கோ', 'வில்லிங் டு லேர்ன்' எண்டு ரெண்டும் முதல்லயே ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதால 'டூ' முன்னுக்கு வந்தாலும் அந்த 'டு' அனேகமா ஹப்பியைத்தான் சேரும், நடக்காது எண்ட கருத்தைக் கொண்டு வரோணும் எண்டு இல்ல. 'ஹீ இஸ் டூ ரெடி டு ப்ளேம் அதர்ஸ்' எண்டு ஒரு வசனத்தை எடுப்பம். அவர் மத்தவங்களைக் குறை சொல்ல ஏலாத அளவுக்கு ரெடியா இருக்கார் எண்டா சொல்றம்? இல்லையே, குறை சொல்றதுக்கு எந்த நேரமும் முந்திக்கொண்டு நிக்கிறார் எண்டுதானே. அங்கயே பள்ளிக்கூடக் கணக்கு உடையுது. இதுக்கு மேல 'ஒன்லி'யும் முன்னுக்கு வந்து நிண்டா சந்தேகத்துக்கே இடமில்ல. 'ஒன்லி டூ ஹப்பி டு' எண்டு வந்தா அந்த வேலையை சந்தோசமாச் செய்வன், எப்பவும் அதுதான் கருத்து.

சரி, அதுக்கு 'மட்டும்' எண்ட சொல்லும் 'அளவுக்கு மிஞ்சின' எண்ட சொல்லும் எப்பிடி வந்து சேர்ந்திச்சு எண்டு கேப்பீங்க. மிகுதியைக் காட்டுற சொல்லெல்லாம் எந்த மொழியிலயும் தன்ட சொந்தக் கருத்தை விட்டுட்டுத்தான் அந்த வேலைக்கு வரும். நாங்களே கதைக்கக்குள்ள எப்பிடிச் சொல்றம்? 'இண்டைக்கு சரியான வெயில்', 'சரியான பசி', 'அந்தப் புள்ளைக்கு சரியான கஷ்டம்'. வெயில்ல எது சரி, எது பிழை? சரியான எண்டதுக்கு அகராதியில இருக்கிற கருத்து இதுல ஒண்டுலயும் இல்ல, ஆனாலும் மட்டக்களப்புல இருந்து பொத்துவில் வரைக்கும் ஒருத்தருக்கும் சந்தேகம் வாறதில்ல. 'பயங்கர வடிவு' எண்டு பொம்புளைப் பிள்ளையைச் சொன்னா பயம் எங்க இருக்கு?

எனக்கு மிச்சம் பிடிச்ச விசயம் என்னெண்டா, இங்கிலிஷ்ல நாங்க ஆகப் பாவிக்கிற 'வெரி' இருக்கே, அதுவும் இதே வழியாலதான் வந்திருக்கு. பழைய ஃப்ரெஞ்சுல உண்மையான எண்டு கருத்துள்ள ஒரு சொல்லுல இருந்து வந்தது அது, அதுக்கும் அடி லத்தீன்ல. உண்மையான எண்டு இருந்தது போகப்போக மிகவும் எண்டு ஆகிட்டு. எங்கட 'சரியான' எண்ட சொல்லும் அதே பாதையாலதான் வந்திருக்கு, ரெண்டு மொழிக்கும் ஒண்டோட ஒண்டு சம்பந்தமே இல்ல, ஆனா மனுசர்ட மனசு ஒரே மாதிரி வேலை செஞ்சிருக்கு. 'ஓஃபுலி கைண்ட்' எண்டு அவங்க சொல்றதும் அப்பிடித்தான், அடியில பயம், மேல அன்பு. தொல்காப்பியத்துலயே உறு, தவ, நனி எண்டு மூண்டு சொல்லைச் சொல்லி இதுகள் மிகுதியைக் காட்டுற சொல் எண்டு தனியா எடுத்து வச்சிருக்கு. இப்ப நனி எண்டு ஆரும் கதைக்கிறதில்ல. மிகுதிச் சொல் கெதியாத் தேஞ்சு போகும், தேஞ்ச இடத்துக்குப் புதுசு வேணும், அதால மொழி கையில அகப்பட்டதை எல்லாம் எடுத்துப் போடும். அகப்பட்டதுல ஒண்டுதான் இந்த ஒன்லியும் டூவும்.

'ஒன்லி' எண்டதும் எங்களுக்கு மட்டும் எண்டுதான் காதுல விழும். ஆனா நாங்களே இங்கிலிஷ் கதைக்கக்குள்ள 'டுடே ஒன்லி ஐ கேம்' எண்டு சொல்றம், இண்டைக்குத்தான் வந்தன் எண்ட நினைப்புல. இங்கிலாந்துக்காரர் அப்பிடிச் சொல்லமாட்டாங்க, அது வேற கதை. ஆனா அந்தத் 'தான்' எண்ட அழுத்தத்தை நினைச்சுக்கொண்டு 'ஒன்லி டூ'வை வாசிச்சா உங்களுக்குக் கெதியா மனசுல பதியும். மட்டும் எண்டதை வச்சு வாசிச்சா கடைசி வரைக்கும் சிக்கல்தான். இது ஞாபகம் வச்சுக்கொள்ளுறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான், அந்தச் சொல்லுட வரலாறு எண்டு எடுக்க வேணாம்.

இனி உங்கட மேடம்ட ரெண்டாவது வசனம். இதுலதான் கவனமா இருக்கோணும், ஏனெண்டா அதே ஒன்லி டூ இங்க வேற குணத்துல வருது. 'ஐ நோ ஒன்லி டூ வெல்' எண்டா நல்லாத் தெரியும் எண்டதோட முடியாது. தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் எண்ட ஒரு வலியும் அதுக்குள்ள இருக்கு, பட்டவருக்குத்தான் அது வாயில வரும்.

இத நாங்க விளங்கிக்கொள்ள தூரத்துக்குப் போகத் தேவையில்ல. மட்டக்களப்பு நாவலடி மீன்பிடிக்காரரைப் பத்தி ஒருத்தர் ரிப்போர்ட் எழுதுறார் எண்டு வைப்பம். 'தே நோ த சீ வெரி வெல்' எண்டு எழுதினா, அவங்களுக்குக் கடல் நல்லாத் தெரியும், காத்து எந்தப் பக்கம், மீன் எங்க நிக்கும், தோணியை எந்த நேரம் இறக்கலாம், எல்லாம் அத்துப்படி. அது தொழில் அறிவு, பெருமையாச் சொல்ற விசயம். அதையே 'தே நோ ஒன்லி டூ வெல் ஹவ் க்ரூவல் த சீ கேன் பீ' எண்டு எழுதினா வாசிக்கிறவருக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி கண்ணுக்கு முன்னால வரும். அந்த ஊர்ல ஆள் இழக்காத வீட்டைத் தேடோணும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டு, தென்னையெல்லாம் சரிஞ்சு கிடந்ததைப் பாத்த எங்கட பெரியாக்களிட்ட போய், காத்துக்கு இவ்வளவு பலம் இருக்கா எண்டு கேட்டா 'எங்களுக்குத் தெரியாததா மனே' எண்டு ஒரு சொல் சொல்லுவாங்க. அந்தச் சொல்லுல என்ன இருக்கோ அதுதான் 'ஒன்லி டூ வெல்'. நீங்க ப்ரொஜெக்ட் ஒஃபீஸ்ல வேலை செஞ்ச ஆள், இனியும் இப்பிடி ரிப்போர்ட் எழுத வரும், எங்கட சனம் பட்டதை எழுதக்குள்ள 'வெரி வெல்' எண்டு போட்டு அதை வெறும் தகவலாக்கிப் போடாதீங்க. இந்த ரெண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பெரிய விசயம்.

அப்ப உங்கட மேடம் என்ன சொல்லியிருக்கிறா? இந்த அப்ளிகேஷன்கள் எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியாததா, நானும் பட்டுத்தான் வந்தன் எண்டு சொல்றா. உங்களோட சேர்ந்து நிக்கிறா. முதல் வசனத்துல சந்தோசம், ரெண்டாவதுல அனுதாபம். அகராதியில இந்த ரெண்டு கருத்தும் ஒண்டாத்தான் கிடக்கும், ஒண்டு மிகவும் எண்டது, மத்தது வருந்தத்தக்க அளவுக்கு எண்டது. எது எங்க எண்டு பின்னால வாற சொல்லைப் பாத்துத்தான் எடுக்கோணும். ஹப்பி, க்ளேட், ப்ளீஸ்ட் வந்தா முதலாவது, வெல், ட்ரூ, ரியல், க்ளியர் மாதிரி வந்தா பெரும்பாலும் ரெண்டாவது. அகராதி பாக்கக்குள்ள ஒன்லியைத் தனியா, டூவைத் தனியா பாக்காதீங்க, ஒன்லி எண்ட பக்கத்துல கீழ இறங்கிப் போனா 'ஒன்லி டூ' எண்டு சேர்த்தே போட்டிருக்கும்.

நக்கலா எண்டு மச்சான் சொன்னதையும் ஒரேயடியாத் தள்ள மாட்டன், அவர் எங்கயோ கேள்விப்பட்டிருப்பார். ஒருத்தர் தன்னைப் பத்திச் சொல்லக்குள்ள 'ஒன்லி டூ ஹப்பி' எண்டா அது மரியாதை. ஆனா வேற ஒருத்தரைப் பத்திச் சொல்லக்குள்ள சில வேளை அதுல ஒரு குத்து இருக்கும். 'ஹீ வோஸ் ஒன்லி டூ ஹப்பி டு டேக் த மணி' எண்டா, காசைக் கண்டதும் வாங்கிப் போட்டுட்டார், கொஞ்சம்கூட யோசிக்கல்ல எண்ட கருத்து வரும். அதால உங்கட பழைய மனேஜரைப் புகழ நினைச்சு 'ஹீ வோஸ் ஒன்லி டூ வில்லிங் டு சைன்' எண்டு எங்கயும் எழுதிப் போடாதீங்க, வாசிக்கிற ஆள் அவரைச் சந்தேகமாப் பாப்பார். மேடம்ட மெயில்ல இதுக்கு இடமே இல்ல, தன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கிறா, அதோட விருப்பமில்லாத ஆள் அடுத்த வரியில க்ளோசிங் டேட் எப்ப, சீவி அனுப்புங்க எண்டு கேப்பாவா? ஒரு சொல்லுல தடக்குப்பட்டா அங்கயே நிண்டு யோசிக்காம அடுத்த வசனத்தையும் வாசியுங்க, அனேகமா பதில் அங்க இருக்கும்.

'ஆல் டூ' எண்டும் ஒண்டு வரும், 'ஆல் டூ ஒஃப்பன்', 'ஆல் டூ சூன்' எண்டு. அது பெரும்பாலும் கவலைப் பக்கம்தான். லீவு கெதியா முடிஞ்சிட்டே எண்டா 'ஆல் டூ சூன்'. 'ஆல் டூ ஹப்பி டு' எண்டும் எழுதுவாங்க, ஆனா அதுல அந்தக் குத்து இன்னும் கூட, அதால ஒருத்தருக்கு உதவி செய்ய ஓம் எண்டு சொல்ற இடத்துல அதைப் போட வேணாம்.

இப்ப உங்கட லெட்டர். 'ஐ ஆம் டூ இன்ட்ரஸ்டட் இன் திஸ் கோர்ஸ்' பிழை தங்கச்சி, மாத்துங்க. ஒன்லி இல்லாம டூ மட்டும் தனிய வந்தா அது அளவுக்கு மிஞ்சினதுதான், இந்தக் கோர்ஸ்ல எனக்கு இருக்கவேண்டிய அளவை விடக் கூடின ஆர்வம் எண்டு வாசிப்பாங்க, கேக்க ஒரு மாதிரி இருக்கும். எங்கட பிள்ளைகள் வெரிக்குப் பதிலா டூ போடுறது நிறைய, 'டூ பியூட்டிஃபுல்', 'டூ டேஸ்டி' எண்டு. கூட்டாளிமாரோட மெசேஜ்ல கதைக்கிறதுக்கு அது பரவாயில்ல, விண்ணப்பத்துல கூடாது. 'ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டட்' எண்டு போட்டாலே போதும். அதை விட நல்லது, ஏன் ஆர்வம் எண்டதை அடுத்த வசனத்துல சொல்றது. படுவான்கரைப் பக்கம் ப்ரொஜெக்ட் வேலைக்குப் போன ஆள் எண்டா, அங்க என்ன கண்டீங்க, அது இந்தப் படிப்போட எப்பிடிச் சேருது எண்டு ரெண்டு வரி எழுதினா எந்த வெரியும் தேவைப்படாது.

'நொட் டூ' எண்டதையும் சொல்லிடுறன், மேடம் மாதிரி ஆக்கள் அடிக்கடி எழுதுறது. 'நொட் டூ பேட்' எண்டா பரவாயில்லாம நல்லா இருக்கு. 'ஐ ஆம் நொட் டூ ஹப்பி வித் திஸ் ட்ராஃப்ட்' எண்டா கொஞ்சம்தான் சந்தோசம் எண்டு நினைச்சுட்டு இருக்காதீங்க, எனக்கு இது பிடிக்கல்ல, திருத்துங்க எண்டு மெதுவாச் சொல்றா.

நீங்களும் எழுதலாமா எண்டு கேட்டீங்க. தாராளமா எழுதலாம், ஆனா இடம் பாத்து. ஒருத்தர் உங்களிட்ட ஒண்டைக் கேக்கோணும், அல்லது கேக்கப்போறார் எண்டு தெரியோணும், அதுக்குப் பதிலாத்தான் இது வரும். மெயில்ல 'குட் யூ சென்ட் மீ யோர் சர்டிஃபிகேட்ஸ்' எண்டு கேட்டா 'ஐ வுட் பீ ஒன்லி டூ ஹப்பி டு சென்ட் தெம்' எண்டு போடலாம். ஒருத்தரும் கேக்காம 'ஐ ஆம் ஒன்லி டூ ஹப்பி டு அப்ளை' எண்டு போட்டா, ஆரோ கெஞ்சிக் கேட்டு நீங்க இறங்கி வந்து போடுற மாதிரி ஆகிடும். இங்கிலாந்துக்காரரிட்டத்தான் இந்தப் பேச்சு கூட, கொஞ்சம் பழைய மரியாதைப் பேச்சு. அமெரிக்கர் எண்டா அனேகமா 'மோர் தான் ஹப்பி டு' எண்டு சொல்லுவாங்க, அதுவும் சொல்லுக்குச் சொல் பாத்தா சந்தோசத்தை விடக் கூட எண்டு வந்து விளங்காமத்தான் போகும், ஆனா கருத்து அதேதான். பாசிக்குடா ஹொட்டேல்கள்ல ரிசெப்ஷன்ல நிக்கிற பிள்ளைகளுக்கு நான் இந்த ரெண்டாவதைத்தான் சொல்லிக் குடுப்பன், எல்லா நாட்டு ஆக்களுக்கும் அது விளங்கும். வாயால சொல்லக்குள்ள அழுத்தம் டூவுல இருக்கோணும், ஒன்லியில அழுத்தினா மட்டும் எண்ட கருத்து எட்டிப்பாக்கும்.

இனி மெயில். பிந்தினதுக்கு நீளமா மன்னிப்புக் கேக்காதீங்க, விளங்கல்ல எண்டும் எழுதத் தேவையில்ல. இப்பிடிப் போடுங்க:

'டியர் மேடம், தேங்க் யூ சோ மச் ஃபோர் அக்ரீயிங் டு பீ மை ரெஃபரி, அண்ட் ஐ ஆம் சொரி ஃபோர் மை லேட் ரிப்ளை. ஐ ஹேவ் அட்டாச்ட் மை சீவி அண்ட் எ ட்ராஃப்ட் ஒஃப் மை லெட்டர். த க்ளோசிங் டேட் இஸ்' எண்டு போட்டு திகதியை எழுதுங்க. அதுக்குக் கீழ 'இஃப் யூ நீட் எனிதிங் எல்ஸ், ஐ வுட் பீ ஒன்லி டூ ஹப்பி டு சென்ட் இட்' எண்டு போடலாம், இந்த இடத்துக்கு அது நல்லாப் பொருந்தும்.

திகதி எழுதக்குள்ள மாசத்தை எழுத்துல எழுதுங்க, நம்பர்ல போட்டா அந்தந்த நாட்டு வழக்கத்துக்கு நாளும் மாசமும் மாறிப் போகும். ஸ்கொலர்ஷிப் ஃபோர்ம்ல அவட பேர், பதவி, மெயில் மூண்டையும் அவ தன்ட மெயிலுக்குக் கீழ எப்பிடிப் போட்டிருக்கிறாவோ அப்பிடியே பாத்து எழுதுங்க, ஏனெண்டா சில இடங்கள்ல ஒஃபீஸ் மெயிலுக்குத்தான் ரெஃபரன்ஸ் ஃபோர்மை நேரா அனுப்புவாங்க. அவ இப்ப வேற இடத்துல வேலை எண்டா எந்த மெயிலைப் போடுறது எண்டு இதே மெயில்லயே கேட்டுடுங்க.